கருவுற்றவர் இருக்கும் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது குழாய்த் தண்ணீர்

அண்மையில் அமெரிக்காவில் குடியேறி, இங்கேயே பிள்ளை பெற்றுக்கொள்ளப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று வந்த முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். கிருமிகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. ஆனால் தீயணைப்பு நுரை, ஒட்டாத பாத்திரப் பூச்சு, மழையில் நனையாத துணி, கறை பிடிக்காத தரைவிரிப்பு ஆகியவற்றுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தயாரிக்கப்பட்டுவரும் பிஃபாஸ் (PFAS) என்னும் வேதிப்பொருள் குடும்பம், நாட்டின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் கலந்திருக்கிறது. தண்ணீரில் காணப்படும் அளவில் அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. மாசுபட்ட ஊர்களில், கருவிலிருக்கும் குழந்தையை அது சென்றடையும் வழிகளுள் பெரியது குடிநீர்தான். ஆகவே, 'பிஃபாஸ் இல்லாதது' என்று அச்சிட்ட பொருள்களைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன், தண்ணீரைச் சரிபார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

பிஃபாஸ் மூலக்கூறுகளில் கார்பனுக்கும் ஃபுளூரினுக்கும் இடையே உள்ள பிணைப்பு மிக வலிமையானது. வெயிலோ, மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளோ, நம் கல்லீரலோ அதை உடைப்பதில்லை. பழைய தலைமுறை நச்சுகளான பிசிபி, டையாக்சின் போன்றவை உடலின் கொழுப்பில் தங்கின. இவையோ இரத்தத்திலுள்ள புரதத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றிவருகின்றன. சிறுநீரகம் வடிகட்டியதும் பெருமளவு மீண்டும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அதனால் இந்தக் குடும்பத்தின் மிகப் பழக்கமான உறுப்பாகிய பிஎஃப்ஓஏ, இரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே சுமார் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து ஒரு பங்கு குழந்தைக்குப் போகிறது. பிறகு தாய்ப்பால் வழியாகவும் போகிறது. தாயிடம் சேர்ந்திருப்பது இவ்வாறு ஒவ்வொரு பேற்றிலும் குறைவதால், பொதுவாகத் தலைப்பிள்ளைக்குத்தான் அதிகப் பங்கு கிடைக்கிறது.

இதனால் விளைவது என்ன என்பதில் மிகைப்படுத்தலும் அலட்சியமும் ஒருங்கே உலவுகின்றன. அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நான்கு விளைவுகளோடு தொடர்பு இருப்பதற்குப் போதிய சான்று உண்டு என்று முடிவுசெய்தன: கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் வளர்ச்சி குறைதல், தடுப்பூசிக்குப் பின் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குறைதல், இரத்தக் கொழுப்பு சீர்கெடுதல், பெரியவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய். முதலாவதை எண்ணிக்கையில் பார்ப்போம். தாயின் இரத்தத்தில் பிஎஃப்ஓஏ ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் கூடும்போது பிறப்பெடை ஏறத்தாழ 10 முதல் 20 கிராம் வரை குறைவதாக, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்தவர்கள் கூறுகிறார்கள். 2017–18 கணக்கெடுப்பில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் சராசரியாக 1.4 நானோகிராம் அளவே இருந்தது. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையில் அந்த வேறுபாடு தராசிலும் தெரியாது.

மாசுபட்ட ஊர்களின் கணக்கு வேறு. மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே டுபாண்ட் ஆலையின் பிஎஃப்ஓஏ கலந்த நீரைக் குடித்துவந்த ஏறத்தாழ 69,000 பேரை 2005–06-இல் சோதித்தபோது, அவர்களின் இரத்தத்தில் சராசரி 80 நானோகிராமைத் தாண்டியிருந்தது. அந்த மக்களை ஆராய நீதிமன்ற உடன்பாட்டின்படி அமைக்கப்பட்ட அறிவியல் குழு, பிஎஃப்ஓஏவோடு தொடர்புடையவையாக இருக்கக்கூடும் என்று அறிவித்த ஆறு நோய்களுள் ஒன்று, கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம். அதே குழு பிறப்பெடைக் குறைவு, குறைப்பிரசவம், பிறவிக் குறைபாடு ஆகியவற்றுக்கு அத்தகைய தொடர்பு தென்படவில்லை என்றும் சொன்னது என்பதை மறைக்கக் கூடாது. தாயின் சிறுநீரகம் வடிகட்டும் வேகமே இரத்தத்திலுள்ள பிஃபாஸ் அளவையும் குழந்தையின் எடையையும் ஒருசேரப் பாதிக்கலாம் என்பதால், இரத்த அளவை மட்டும் நம்பிய ஆய்வுகளில் இந்தச் சிக்கல் நீடித்துவந்தது.

அந்தச் சிக்கலைத் தவிர்த்த ஓர் ஆய்வு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலிருந்து 2025-இல் வெளிவந்தது. பிஃபாஸ் கலந்த இடங்களுக்கு அருகிலுள்ள பொதுக் கிணறுகளில், நிலத்தடி நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருப்பவற்றின் நீரைப் பெற்ற தாய்மாரையும், மேற்பக்கம் இருப்பவற்றின் நீரைப் பெற்ற தாய்மாரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். தம் வீட்டுத் தண்ணீர் எந்தப் பக்கத்துக் கிணற்றிலிருந்து வருகிறது என்பது குடியிருப்போருக்குத் தெரியாது. ஆகையால் வசதி படைத்தவர்கள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. கீழ்ப்பக்கத்து நீரைப் பெற்றவர்களிடம் எடை குறைந்த பிறப்புகள் 43 சதவீதமும் குறைப்பிரசவங்கள் 20 சதவீதமும் அதிகமாக இருந்தன. முதல் ஆண்டுக்குள் நேரும் இறப்புகள் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தன. குழந்தை இறப்பு இங்கே மிக அரிது என்பதால், மூன்று மடங்கானாலும் பெரும்பான்மைக் குழந்தைகள் நலமாகவே இருந்தார்கள் என்பதைக் கருவுற்றவர்கள் மறந்துவிடக் கூடாது. இவை ஆயிரக்கணக்கான பிறப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற வேறுபாடுகள். ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு என்ன நேரும் என்பதை இவற்றிலிருந்து சொல்ல முடியாது.

முதற்படி: தண்ணீர் யாருடையது என்று கண்டுபிடித்தல்

வாடகைக் குடியிருப்பில் தண்ணீர்க் கட்டணம் வாடகையோடு சேர்ந்துவிடுவதால், எந்த நிறுவனம் தண்ணீர் தருகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. குடியிருப்பு அலுவலகத்தில் கேட்டு அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு குடிநீர் நிறுவனமும் முந்தைய ஆண்டின் தர அறிக்கையை ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டும் என்பது கூட்டரசின் சட்டம். நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் ஊரின் பெயரைக் கொடுத்தால் அது கிடைத்துவிடும். வீடு மாறும்போதெல்லாம், பக்கத்துத் தெருவுக்கே போனாலும், இதைப் புதிதாகப் பார்க்க வேண்டும். ஒரே நகரில் இரு வேறு கிணற்றுத் தொகுதிகள் இருப்பது சாதாரணம்.

அறிக்கையில் பிஎஃப்ஓஏ (PFOA), அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் (PFOS) என்ற இரு வரிகளைத் தேடுங்கள். அலகு பெரும்பாலும் 'பிபிடி' (ppt) என்றிருக்கும். அது லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பதற்குச் சமம். சராசரியை மட்டும் பார்க்காமல், ஆண்டில் பதிவான மிக உயர்ந்த அளவையும் மாதிரி எடுத்த தேதியையும் பாருங்கள். கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 ஏப்ரலில் இவ்விரண்டுக்கும் தலா 4 என்று வரம்பு விதித்தது. நிறுவனங்கள் அதை எட்டுவதற்கான கெடுவை 2029-இலிருந்து 2031-க்குத் தள்ளப் போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. நியூ ஜெர்சியில் மாநில வரம்பு பிஎஃப்ஓஏவுக்கு 14, பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு 13. நியூ ஹாம்ப்ஷயரில் 12, 15. ஆகவே அறிக்கையில் 'விதிமீறல் இல்லை' என்று எழுதியிருந்தாலும் அளவு 4-ஐத் தாண்டியிருக்கலாம். கருவுற்றவர் இருக்கும் வீட்டில், சட்டத்தின் கெடுவுக்காகக் காத்திராமல் 4-ஐயே வரம்பாகக் கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இது எங்கோ ஆலை ஊர்களில் மட்டும் நடக்கிற செய்தியன்று. நம்மவர்கள் நிறைந்த எடிசன் உள்ளிட்ட நியூ ஜெர்சி ஊர்களுக்குத் தண்ணீர் தரும் மிடில்செக்ஸ் வாட்டர் நிறுவனம், தன் கிணற்றுத் தொகுதி ஒன்றில் பிஎஃப்ஓஏ மாநில வரம்பைத் தாண்டிவிட்டதாக 2021-இன் இறுதியில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அத்தகைய கடிதங்கள் விளம்பரத் தாள்களோடு கலந்து வந்து, படிக்கப்படாமலே குப்பைக்குப் போய்விடுகின்றன. தண்ணீர் நிறுவனத்தின் உறைகளைத் தனியே எடுத்து வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சொந்தக் கிணறு இருந்தால் சோதித்தல்

நகரத்துக்கு வெளியே வீடு வாங்கியவர்களில் பலருக்குத் தனிக் கிணறுதான். கூட்டரசின் குடிநீர்ச் சட்டம் தனிக் கிணறுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. சோதிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. விமானத்தளம், தீயணைப்புப் பயிற்சித் திடல், குப்பைக் கிடங்கு, பூச்சு ஆலை ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் கட்டாயம் சோதியுங்கள். நியூ ஹாம்ப்ஷயரின் மெரிமாக் நகரில் ஆலைப் புகைபோக்கியிலிருந்து வெளியேறிய பிஎஃப்ஓஏ காற்றில் பரவி மண்ணில் இறங்கி, சுற்றியுள்ள பல ஊர்களின் கிணறுகளை அடைந்தது 2016-இல்தான் தெரியவந்தது.

மாநில அரசின் சான்று பெற்ற ஆய்வுக்கூடத்தைத் தேர்ந்தெடுத்து, குடிநீருக்கான 533 அல்லது 537.1 என்ற முறைப்படி சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் செலவாகும். சில மாநிலங்களும் ஊராட்சிகளும் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்து தருகின்றன. மாதிரி எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். கூடம் அனுப்பும் நெகிழிக் குப்பியின் அடியில் சிறிது வெண்பொடி இருக்கும். அது தண்ணீரைப் பதப்படுத்துவதற்கானது, அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடக் கூடாது. அன்று கையில் க்ரீம் தடவ வேண்டாம். மழைக்கோட்டு அணிய வேண்டாம். குழாய் மூட்டில் சுற்றும் வெள்ளை டேப்பைத் தொட வேண்டாம். இவற்றிலெல்லாம் பிஃபாஸ் இருக்கக்கூடும், நாம் அளப்பதோ லிட்டரில் சில நானோகிராம். கையைக் கழுவி, கூடம் தந்த கையுறையை அணிந்து, குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, குப்பியின் வாயும் மூடியின் உட்புறமும் எதிலும் படாமல் பிடித்து, குளிர்க்கட்டியோடு அன்றே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாம் படி: வடிகட்டுதல்

ஊரில் ஆர்.ஓ. வாங்கிப் பழகிய நமக்கு இந்தப் படி எளிது. ஆனால் ஊரிலிருந்து கொண்டுவந்த டிடிஎஸ் மீட்டரை மட்டும் உள்ளே வைத்துவிடுங்கள். அது மில்லிகிராம் அளவில் கரைந்திருக்கும் உப்புகளைக் காட்டுவது. நானோகிராம் என்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீட்டர் 40 என்று காட்டும் தண்ணீரிலும் பிஃபாஸ் நிறைந்திருக்கலாம். கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சியதில் செறிவு கூடத்தான் செய்யும். புறஊதா விளக்கும் பீங்கான் வடிகட்டியும் இதற்குப் பயன்படா.

பயன்படுபவை இரண்டு: சமையலறைத் தொட்டியின் அடியில் பொருத்தும் ஆர்.ஓ., இதற்கென்றே சான்று பெற்ற கரி வடிகட்டி. வாங்கும்போது பெட்டியில் என்எஸ்எஃப் (NSF) என்னும் தரநிர்ணய அமைப்பின் தர எண்ணைப் பாருங்கள். ஆர்.ஓ.வுக்கு 58, கரி வடிகட்டிக்கு 53. அதோடு பிஃபாஸ் குறைப்புக்கான சான்று என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். 42 என்று மட்டும் இருந்தால் அது குளோரின் சுவையையும் மணத்தையும் போக்குவதற்கானது. கடைகளில் மலிவாகக் குவிந்திருக்கும் ஜாடி வடிகட்டிகளில் பல இந்த வகை. வாடகை வீட்டில் தொட்டியின் அடியில் துளைபோட அனுமதி கிடைக்காவிட்டால், 53 சான்றுள்ள ஜாடியோ குழாய்முனை வடிகட்டியோ போதும். கரியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், நிறைந்துபோன கரி, பிடித்துவைத்ததைத் திரும்ப விடக்கூடும். ஆகவே மாற்ற வேண்டிய தேதியை வடிகட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

குடிக்க மட்டுமன்று, சமையலுக்கும் இந்தத் தண்ணீரே வேண்டும். சோறு வேகும் நீர், இட்லி மாவு அரைக்கும் நீர், ரசம், சாம்பார், காப்பி என்று நம் சமையலில் தண்ணீர் உணவாகவே வயிற்றுக்குப் போவது அதிகம். குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் குழாய்த் தண்ணீரே போதும். தோல் வழியாக உட்செல்வது மிகக் குறைவு.

உடலில் ஏற்கெனவே சேர்ந்தது ஒன்பது மாதத்தில் கரைந்துவிடாது என்றால் இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். மேலும் சேராமல் தடுப்பது ஒரு பயன். பிறந்த பின் குழந்தைக்குப் பால்மாவு கலக்கப் போவதும் இதே தண்ணீர்தான் என்பது அதைவிடப் பெரிய பயன்.

நான்காம் படி: மீனும் மருந்தும்

பிரசவம் பார்க்க ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வரும்போது அன்போடு சேர்ந்து சில பொட்டலங்களும் வரும். பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து தருவது நம் வழக்கம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ, கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் பாதரசத்தின் காரணமாகத் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவை வைத்திருக்கிறது. அதே பட்டியலில் உள்ள கிங் மேக்கரல், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய இனம். இந்தியக் கடைகளில் 'கிங் ஃபிஷ்' என்று வெட்டி வைத்திருப்பதையும் இந்தக் காலத்தில் ஒதுக்கிவிடுவதே மேல். நெத்திலி, மத்தி, சால்மன், இறால் ஆகியவை தாராளமாகச் சாப்பிடக்கூடியவை. வாரம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடவே அந்த நிர்வாகம் அறிவுறுத்துகிறது. குழந்தையின் மூளைக்கு மீன் வேண்டும் என்பதால், பயந்துபோய் மீனையே விட்டுவிடுவது தவறு. ஆனால் உள்ளூர் ஏரியிலும் ஆற்றிலும் தூண்டில் போட்டுப் பிடித்த மீனை, மாநில அரசின் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்க்காமல் சமைக்கக் கூடாது. பிஎஃப்ஓஎஸ் நன்னீர் மீனில் நன்றாகச் சேரும்.

பஸ்பம், செந்தூரம் என்ற பெயரில் வரும் எதையும், யார் கொடுத்தாலும், கருவுற்ற காலத்தில் உண்ண வேண்டாம். 2011–12-இல் நியூயார்க் நகரில் ஈய நச்சேறிய ஆறு கருவுற்ற பெண்களைச் சுகாதாரத் துறை கண்டறிந்தபோது, அவர்கள் அனைவரும் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளை உட்கொண்டிருந்தார்கள். ஈயம் பிஃபாஸ் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. என்றாலும் நம்மவர் வீடுகளில் ஈயம் வர வாய்ப்பு அதிகம், அதன் தீங்கும் ஐயத்துக்கு இடமில்லாதது. எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மருத்துவரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளுங்கள்.

சென்னைக்குப் போய்ப் பிள்ளை பெறுவதாக இருந்தால் ஒரு செய்தி. பெருங்குடிக் குப்பைமேட்டின் அருகே வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் அளவு, பிற ஆசியக் குப்பைமேடுகளை ஒட்டி வாழ்ந்த தாய்மாரினதைவிடக் கூடுதலாக இருந்ததை 2004-இல் ஓர் ஆய்வு காட்டியது; குப்பையில் மேய்ந்த மாடுகளின் பால் அதற்கு வழியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கொழுப்பில் தங்கும் நச்சு பாலின் கொழுப்போடு வருகிறது. வீட்டு வாசலில் கறந்து தரும் பால் என்றால், மாடு எங்கே மேய்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: வீட்டுப் பொருள்கள்

இதில்தான் மக்கள் அதிக நேரத்தையும் பணத்தையும் செலவிடுகிறார்கள். பலன் மிகக் குறைவு. ஒட்டாத தோசைக்கல் நல்ல நிலையில் இருந்தால் அவசரமாகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள், பூச்சு உரிந்துவிட்டால் இரும்புக் கல்லுக்கு மாறிவிடுங்கள். எண்ணெய் ஊறாத உணவுத் தாள்களுக்கான பிஃபாஸ் பூச்சுகள் அமெரிக்கச் சந்தையில் இனி விற்கப்படுவதில்லை என்று 2024 பிப்ரவரியில் உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்துவிட்டது. புதிய தரைவிரிப்பும் சோபாவும் வாங்கினால் கறை எதிர்ப்புப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தவழப் போகும் குழந்தை தரைத்தூசியைக் கையால் எடுத்து வாயில் வைக்கும் என்பதால், பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல்.

ஆறாம் படி: மருத்துவரிடம் பேசுதல்

உங்கள் தண்ணீரில் அளவு கூடுதல் என்று தெரிந்தால், அறிக்கையின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு, எத்தனை ஆண்டு அந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துப் போங்கள். மகப்பேறு மருத்துவர்கள் பலருக்கு இந்தத் துறையில் பயிற்சி இல்லை. அவர் தோளைக் குலுக்கினால் மனம் தளராமல், குழந்தைகள் சுற்றுச்சூழல் நலச் சிறப்புப் பிரிவைக் கலந்தாலோசிக்கச் சொல்லுங்கள். நாடெங்கும் வட்டாரவாரியாக இயங்கும் அந்தப் பிரிவுகள் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை தருகின்றன.

இரத்தத்தில் பிஃபாஸ் சோதனை செய்துகொள்ளலாமா? 2022 வழிகாட்டுதலின்படி, பலவகை பிஃபாஸ்களின் கூட்டுத்தொகை மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே என்றால் தீங்கு எதிர்பார்க்கப்படுவதில்லை. 2 முதல் 20 வரை என்றால் கர்ப்பகால இரத்த அழுத்தத்தையும் இரத்தக் கொழுப்பையும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 20-க்கு மேல் என்றால் தைராய்டையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நெடுநாள் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் நடுப்பிரிவில்தான் வருவார்கள். எண் தெரிந்த பின்பும், கருவுற்ற காலத்தில் அதைக் குறைக்கக் கொடுக்கத்தக்க மருந்து எதுவும் இல்லை. ஆகவே தண்ணீரில் அளவு உயர்ந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு என்று நினைக்கிறேன். இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே வாரம்தோறும் அளந்து குறித்துவைப்பதற்கு ஆகும் செலவு அதைவிடக் குறைவு.

பிறந்த பின்

தாய்ப்பாலில் பிஃபாஸ் இருக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டுப் பாலூட்டுவதை நிறுத்த நினைப்பவர்கள் உண்டு. நிறுத்த வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. தாய்ப்பாலால் வரும் நன்மை பெரும்பாலான தாய்மாருக்கு அந்த அபாயத்தைவிடப் பெரியது. மாசுபட்ட குழாய்த் தண்ணீரில் கலந்த பால்மாவும் பிஃபாஸையே தருகிறது என்பதால், மாற்றுவதால் தப்பிவிடலாம் என்பதும் இல்லை. பால்மாவு தேவைப்பட்டால் வடிகட்டிய நீரிலோ, நீர் சேர்த்தே விற்கப்படும் ஆயத்தப் பாலிலோ கொடுங்கள்.

ஃபாரோ தீவுகளில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியான ஆய்வில், பிஃபாஸ் அளவு மற்றவர்களைவிட இரு மடங்காக இருந்த குழந்தைகளிடம் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசிகளுக்கான எதிர்ப்பாற்றல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. எனவே அளவு உயர்ந்த வீட்டுக் குழந்தைக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது இரட்டை இழப்பு. அட்டவணைப்படி ஒன்றையும் விடாமல் போட வேண்டும். தண்ணீர் அறிக்கையின் படியையும், கர்ப்பகால இரத்த அழுத்தக் குறிப்புகளையும், பிறப்பெடையையும் ஒரே உறையில் வைத்து, முதல் சந்திப்பிலேயே குழந்தை மருத்துவரின் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். காப்பீடு மாறி மருத்துவரும் மாறினால் அந்த உறை உங்களோடு வரும்.